ஏ.எல்.எஸ்.: உலகறிந்த நோயும் உள்ளூர் அறியாத அடையாளங்களும்

மூளையிலிருந்து தண்டுவடத்துக்கும் தண்டுவடத்திலிருந்து தசைக்கும் கட்டளை கொண்டுசெல்லும் நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிந்துபோகும் நோய் ஏ.எல்.எஸ். இயக்க நரம்பணு நோய்கள் என்ற தொகுதியில் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். பிரிட்டனிலும் இந்தியாவிலும் மருத்துவர்கள் பெரும்பாலும் எம்.என்.டி. என்றே சொல்கிறார்கள். கட்டளை வராத தசை மெலிகிறது, தோலுக்கடியில் புழு நெளிவதுபோலத் துடிக்கிறது, பிறகு அசைவற்றுப் போகிறது. பெரும்பாலோருக்கு ஒரு கையிலோ ஒரு காலிலோ தொடங்கும். ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குப் பேச்சு குழறுவதிலும் விழுங்கும்போது புரையேறுவதிலும் தொடங்கும். கண்ணை அசைக்கும் தசைகளும், சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் தசைகளும் பெரும்பாலும் கடைசிவரை தப்பிவிடுகின்றன. பார்வையும் செவியும் தொடு உணர்வும் அப்படியே இருக்கும். மூச்சுத் தசைகள் தளர்வதே பெரும்பாலோரின் மரணத்துக்குக் காரணம். முதல் அறிகுறி தென்பட்டதிலிருந்து பொதுவாக 2 முதல் 5 ஆண்டு. பத்தில் ஒருவர் 10 ஆண்டைக் கடக்கிறார்.

இது அரிய நோய் என்று சொல்லப்படுவதில் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆண்டுதோறும் லட்சம் பேரில் சுமார் 2 பேருக்கு இது புதிதாக வருகிறது. எந்த ஒரு நாளில் எண்ணினாலும் லட்சத்துக்கு 5 பேர் அளவில்தான் நோயாளிகள் இருப்பார்கள். ஆனால் வாழ்நாள் முழுவதையும் கணக்கில் எடுத்தால் 300 முதல் 400 பேரில் ஒருவருக்கு இது வரக்கூடும். இன்னொரு நரம்பு நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்கள் பல பத்தாண்டுகள் வாழ்வதால் அவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. ஏ.எல்.எஸ். நோயாளிகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. வருகிற வேகத்தில் போகிறார்கள். விழிப்புணர்வு என்ற கேள்வியில் இதன் விளைவு பெரிது. சங்கம் தொடங்கியவர் மூன்றாம் ஆண்டு விழாவுக்கு இருப்பதில்லை. முன்னின்று பேசியவரின் குரல் முதல் ஆண்டிலேயே போய்விடலாம். அதனால்தான் இந்நோயைப் பற்றிய பொது அறிவு படிப்படியாக வளராமல், யாரோ ஒரு புகழ்பெற்றவருக்கு நோய் வரும்போது பொங்கி, அவர் மறைந்ததும் வடிந்திருக்கிறது.

நோயைக் கண்டறிவதில் ஏற்படும் தாமதம் பல நாடுகளின் ஆய்வுகளில் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கிறது: முதல் அறிகுறிக்கும் உறுதியான பெயருக்கும் இடையே சராசரியாக ஓர் ஆண்டு. மொத்த ஆயுளே மூன்று ஆண்டு என்ற நிலையில் இது மூன்றில் ஒரு பங்கு. தாமதத்துக்கு முக்கியமான காரணம், இந்நோய் வலிக்காமல் தொடங்குவது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, சாவியைத் திருப்ப முடியவில்லை, செருப்பு காலிலிருந்து நழுவுகிறது, படியில் கால் தடுக்குகிறது. வலி இருந்தால் மறுநாளே மருத்துவரைப் பார்ப்பவர்கள் இதற்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பிறகு சரியான இடத்துக்குப் போவதற்குள் பல வாசல்கள் ஏறுகிறார்கள். கை மெலிந்தால் கழுத்து எலும்புத் தேய்மானம், கால் தளர்ந்தால் முதுகு டிஸ்க், பேச்சு குழறினால் பக்கவாதம், விழுங்க முடியாவிட்டால் தொண்டைக் கோளாறு. நடு வயதைத் தாண்டியவரின் கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஏதோ ஒரு தேய்மானம் தெரியத்தான் செய்யும். அதைக் காரணமாகக் கொண்டு கழுத்திலோ முதுகிலோ அறுவை செய்துகொண்ட நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் உண்டு. தமிழ்நாட்டில் இந்த வரிசையில் நரம்புத் தளர்ச்சி என்ற பொத்தாம்பொதுச் சொல்லும் நரம்பு ஊசியும் சேர்ந்துகொள்கின்றன.

ஒரே ரத்தப் பரிசோதனையில் இதை உறுதிசெய்ய வழியில்லை. மூளையிலிருந்து இறங்கும் மேல் நரம்பணுவும் தண்டுவடத்திலிருந்து தசைக்குப் போகும் கீழ் நரம்பணுவும் சேர்ந்து பழுதாகியிருப்பதை நரம்பியல் மருத்துவர் கையால் சோதித்துப் பார்த்து, தசையின் மின்செயல்பாட்டைப் பதியும் இ.எம்.ஜி. எடுத்து, வேறு நோய்கள் இல்லை என்று ஒதுக்கிய பிறகே முடிவுக்கு வருகிறார். இதற்கான அளவுகோல்கள் 1994இல் எல் எஸ்கோரியல் நெறிகள் என்ற பெயரில் வகுக்கப்பட்டன. 2020இல் வந்த கோல்டு கோஸ்ட் நெறிகள் அவற்றைப் பெரிதும் எளிமையாக்கின. ஒரு பொது மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் ஒன்றிரண்டு ஏ.எல்.எஸ். நோயாளிகளைத்தான் காண்பார் என்று பிரிட்டனில் சொல்லப்படுகிறது. அங்கே எம்.என்.டி. சங்கமும் பொது மருத்துவர்களின் ராயல் கல்லூரியும் சேர்ந்து, ஒரு தாளில் அடங்கும் எச்சரிக்கை அடையாளப் பட்டியல் ஒன்றை வெளியிட்டன. விளம்பரக் கவர்ச்சி எதுவும் இல்லாத தாள் அது. எனினும் விழிப்புணர்வுக்காக அச்சான பொருள்களில் மிகவும் பயனுள்ளவற்றில் ஒன்றாக அதைச் சொல்லலாம், ஏனென்றால் அது சேரவேண்டிய கைக்குச் சேர்ந்தது.

இந்நோயை முதலில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் பாரிஸ் சால்பெத்ரியே மருத்துவமனையின் ஜான் மார்தின் ஷார்கோ. 1869இல் தொடங்கிய அவருடைய விளக்கங்கள் 1874இல் நோய்க்கு இன்றைய பெயரைத் தந்தன. அடுத்த 65 ஆண்டுகள் அது மருத்துவப் புத்தகங்களுக்குள்ளேயே இருந்தது. அமெரிக்கப் பேஸ்பால் வீரர் லூ கெரிக்கின் மூலமாகத்தான் தெருவுக்கு வந்தது. நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக இடைவிடாமல் 2,130 ஆட்டங்கள் ஆடியவர் அவர். 1938இல் ஆட்டம் தளர்ந்தது; 1939 மே 2 அன்று தாமாகவே அணியிலிருந்து விலகி நின்றார். ஜூன் 19 அன்று, தம் 36ஆம் பிறந்தநாளில், மேயோ கிளினிக்கில் நோயின் பெயரைத் தெரிந்துகொண்டார். ஜூலை 4 அன்று யாங்கி மைதானத்தில் 60,000க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் விடைபெற்றுப் பேசினார். 1941 ஜூன் 2 அன்று இறந்தார். அமெரிக்காவில் இன்றும் பலர் இதை லூ கெரிக் நோய் என்றே சொல்கிறார்கள். கொரியாவில் அதுவே வழக்குப் பெயர். உடல் வலிமையின் அடையாளமாக இருந்த ஒருவர் இரண்டே ஆண்டில் மறைந்தது நோயின் கொடுமையை யாருக்கும் விளக்கம் இல்லாமல் புரியவைத்தது.

அடுத்த பெரிய முகம் ஸ்டீபன் ஹாக்கிங். 1963இல், 21 வயதில், அவருக்கு நோய் உறுதியானது. 1985இல் மூச்சுக்குழாயில் துளையிட்ட பிறகு பேச்சு போனது. கணினிக் குரலில் பேசியபடியே 2018 வரை, 76 வயதுவரை வாழ்ந்தார். சக்கர நாற்காலியும் அந்தக் குரலும் உலகெங்கும் பாடப்புத்தகம்வரை போய்ச் சேர்ந்தன. ஆனால் 55 ஆண்டு வாழ்ந்தது அந்நோயில் விதிவிலக்கிலும் விதிவிலக்கு. புகழ்பெற்ற நோயாளி நோயைப் பற்றிய பொது மனப்படத்தையே வளைத்துவிடுவார் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ஹாக்கிங்கை மனத்தில் வைத்துக்கொண்ட குடும்பம் நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறது. மூச்சு, உணவு பற்றிய முடிவுகளைத் தள்ளிப்போடுகிறது. இன்னொரு வளைவும் உண்டு. மூளை முழுக்கத் தெளிவாக இருக்கும், உடல்தான் சிறை என்ற எண்ணம் அவரால் வலுப்பட்டது. உண்மையில் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிந்தனையிலோ நடத்தையிலோ ஓரளவு மாற்றம் உண்டு; சிறுபான்மையினருக்கு அது முன்மூளை மறதிநோயாகவே முற்றுகிறது. அப்பா ஏன் திடீரென்று முரட்டுத்தனமாகப் பேசுகிறார் என்று திகைக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்வது அரிது.

புகழ் வராத இடைக்காலங்களில் சத்தமில்லாமல் நடந்த வேலைகளின் பலன் பெரிது. அமெரிக்காவில் வேலை செய்ய இயலாமல் போனவருக்கு மெடிகேர் மருத்துவக் காப்பீடு கிடைக்க 24 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. ஏ.எல்.எஸ். நோயாளிகளில் பலர் அதற்குள் இறந்துவிடுவார்கள். நோயாளிகளும் சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கதவைத் தட்டித் தட்டி, 2001 ஜூலை முதல் இந்நோய்க்கு மட்டும் அந்தக் காத்திருப்பை நீக்கவைத்தார்கள். 2008இல் முன்னாள் படைவீரருக்கு இந்நோய் வந்தால் அது படைப்பணியோடு தொடர்புடையதாகவே கருதப்படும் என்ற விதி வந்தது; அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருந்தன. பொதுமக்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட இவை தெரிந்திருக்காது. தெரிய வேண்டிய சில நூறு பேருக்குத் தெரிந்திருந்தது.

2014 கோடையில் வந்தது பனிநீர் வாளிச் சவால். தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொள்ளும் விளையாட்டு அதற்கு முன்பே வேறு வேறு காரணங்களுக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜூலையில் அது ஏ.எல்.எஸ்.சுடன் ஒட்டிக்கொண்டது. நியூயார்க்கைச் சேர்ந்த பேட் குவின், பாஸ்டன் கல்லூரியின் முன்னாள் பேஸ்பால் தலைவர் பீட் ஃபிரேட்ஸ் என்ற இரண்டு இளம் நோயாளிகள் அதைத் தங்கள் நண்பர் வட்டங்களுக்குள் கொண்டுபோனார்கள், அங்கிருந்து பரவியது. ஃபேஸ்புக்கில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பேர் காணொளி ஏற்றினார்கள். அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு எட்டே வாரத்தில் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. உலகம் முழுவதும் சுமார் 22 கோடி. பிரிட்டனின் எம்.என்.டி. சங்கத்துக்கு 70 லட்சம் பவுண்டு. அடுத்த ஆகஸ்டில் அதே சவாலைத் திரும்ப நடத்தியபோது பழைய தொகையின் சிறு துளியே தேறியது. ஃபிரேட்ஸ் 2019இல் 34 வயதிலும், குவின் 2020இல் 37 வயதிலும் இறந்தார்கள்.

இதன் மீது எழுந்த குறைகள் தெரிந்தவையே: தண்ணீர் வீண், தற்பெருமை, நோயின் பெயரைக்கூடச் சொல்லாத காணொளிகள், மற்ற நோய்களுக்கு வரவேண்டிய நன்கொடை திசைமாறியது. இந்தியாவில் அது ஐதராபாத் பத்திரிகையாளர் மஞ்சு லதா கலாநிதியின் அரிசி வாளிச் சவாலாக உருமாறியது. தண்ணீர் கொட்டுவதற்குப் பதில் பசித்தவருக்கு ஒரு வாளி அரிசி. நல்ல காரியம்தான், ஆனால் அந்த மாற்றத்தில் நோய் முழுவதுமாக உதிர்ந்துவிட்டது. இந்திய நாளிதழ்கள் நடிகர்கள் நனைவதையும் பிறகு அரிசி கொடுப்பதையும் படம் போட்டன. கை மெலிவதைப் பற்றி எழுதியவை சொற்பம். உலகளவிலும் இதே குறைதான் ஆழமானது. ஏ.எல்.எஸ். சங்கம் திரட்டிய தொகையில் 67 சதவீதம் ஆராய்ச்சிக்கும், 20 சதவீதம் நோயாளிகள் நலனுக்கும், 9 சதவீதம் பொதுமக்கள், மருத்துவர்கள் கல்விக்கும் ஒதுக்கப்பட்டது. விழிப்புணர்வு என்ற பெயரில் வந்த பணத்தில் அறிவைப் பரப்பப் போனது பத்தில் ஒரு பங்கு. ஆராய்ச்சிக்குக் கொடுத்தது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கோடிக்கணக்கானோரின் கவனம் தங்கள் பக்கம் திரும்பியிருந்த அந்த எட்டு வாரத்தில், வலியில்லாத தசை மெலிவைக் கவனியுங்கள் என்ற ஒரு வரி காணொளிகளோடு போயிருந்தால் அதற்குச் செலவே இல்லை.

ஆராய்ச்சிக்குப் போன பணம் என்ன ஆனது என்பது விழிப்புணர்வின் இன்னொரு பக்கம். சங்கத்தின் ஆண்டு ஆராய்ச்சிச் செலவு ஏறத்தாழ மும்மடங்கானது. 2016இல் புராஜெக்ட் மைன் என்ற பன்னாட்டு மரபணுத் திட்டத்தின் வழியாக நெக்1 என்ற மரபணுவின் பங்கு வெளிப்பட்டது. சுமார் 3 சதவீத நோயாளிகளில் அதன் மாறுபாடுகள் இருந்தன. 11 நாடுகளைச் சேர்ந்த 80க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் அதில் இருந்தார்கள். வாளித் தண்ணீரிலிருந்து மரபணு என்று செய்தித் தலைப்புகள் வந்தன. மிகைதான், ஆனால் பொய்யில்லை.

மருந்து விஷயத்தில் கதை இவ்வளவு இனிமையாக இல்லை. 1995இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட ரிலுசோல் ஆயுளைச் சில மாதம் நீட்டியது. சோதனைகளில் தெரிந்த பலன் 2 முதல் 3 மாதம். 2017இல் அங்கே அனுமதி பெற்ற எடாரவோன் ஜப்பானிலிருந்து வந்தது. பிறகு அமைலிக்ஸ் நிறுவனத்தின் ரெலிவ்ரியோ. வாளிச் சவால் பணத்தில் 22 லட்சம் டாலர் அதன் சோதனைக்குப் போயிருந்தது. 137 பேர் கொண்ட சோதனையில் சிறு பலன் தெரிந்தது. 2022 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசகர்கள் 6-4 என்று எதிராக வாக்களித்தார்கள். நோயாளிகளும் சங்கங்களும் வலுவாக முறையிட்ட பிறகு செப்டம்பரில் 7-2 என்று ஆதரித்தார்கள். மருந்து அனுமதி பெற்றது. ஆண்டுக்கு 1,58,000 டாலர் விலை. 2024 மார்ச்சில் பெரிய சோதனையின் முடிவு வந்தபோது மருந்துக்கும் வெற்று மருந்துக்கும் வேறுபாடில்லை. ஏப்ரலில் நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. விழிப்படைந்த மக்களின் அழுத்தம் அரசை விரைவுபடுத்தும். மருந்தை வேலை செய்ய வைக்காது. அதே காலத்தில் அனுமதி பெற்ற டோஃபர்சென் வேறு வகை. 1993இல் கண்டறியப்பட்ட சாட்1 மரபணுவின் பிழையால் நோய் வந்தவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும்; மொத்த நோயாளிகளில் சுமார் 2 சதவீதம். தண்டுவட நீரில் ஊசியாகச் செலுத்தப்படுகிறது. அதன் முதன்மைச் சோதனையும் எதிர்பார்த்த அளவுகோலை ஆறு மாதத்தில் எட்டவில்லை. நரம்பிழைச் சிதைவைக் காட்டும் புரதம் குறைந்ததை வைத்தே 2023 ஏப்ரலில் நிபந்தனையோடு அனுமதி தரப்பட்டது. முன்கூட்டித் தொடங்கியவர்களின் நோய் மெதுவாக நகர்ந்தது பின்னர் தெரிந்தது. மரபணுச் சோதனை ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு இந்நோயில் முதல்முறையாக நடைமுறைப் பதில் கிடைத்தது இதில்தான்.

வாளிக்குப் பிந்திய காலத்தில் சில நாடுகள் வேறு வழிகளில் சென்றன. பிரிட்டனில் ரக்பி வீரர்கள் டாடி வெயிரும் ராப் பரோவும் தங்கள் நோயை ஒளிக்காமல் காட்டினார்கள். பரோவின் தோழர் கெவின் சின்ஃபீல்ட் 2020 டிசம்பரில் 7 நாளில் 7 மாரத்தான் ஓடி 20 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார். இதோடு நோயாளிகளின் அரசியல் முயற்சியும் சேர, 2021 நவம்பரில் அரசு ஆராய்ச்சிக்கு 5 கோடி பவுண்டு அறிவித்தது. இங்கே கவனிக்க வேண்டியது பணத்தைவிடக் காலம். பரோவின் பேச்சு, நடை, உருவம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறின என்பதை 2019 முதல் 2024 வரை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நனையும் பிரபலங்கள் தராத அறிவு அது.

ஜப்பான் இன்னும் தொலைவு போனது. 1972 முதலே காரணம் தெரியாத, சிகிச்சை இல்லாத நோய்களை நான்பியோ என்று வகைப்படுத்தி அரசு உதவி தரும் மரபு அங்கே உண்டு. 2015இல் அது தனிச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. மூச்சுக்குழாய்த் துளைவழி வெண்டிலேட்டரில் வாழ்வதைத் தேர்ந்தெடுக்கும் நோயாளிகளின் பங்கு மேலை நாடுகளைவிட அங்கே பல மடங்கு. 2019 ஜூலையில் யசுஹிகோ ஃபுனாகோ என்ற ஏ.எல்.எஸ். நோயாளி நாடாளுமன்ற மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெரிய சக்கர நாற்காலி நுழைய அவையின் இருக்கைகளை மாற்றினார்கள். உதவியாளர் அவருடைய கேள்விகளைப் படித்தார். வாக்கெடுப்பில் அவருக்காகக் கை உயர்த்தினார். நோயாளியைப் பரிதாபத்துக்குரியவராகக் காட்டும் விளம்பரம் நூறு வந்தாலும், அவர் அவையில் அமர்ந்திருந்த ஒரு நாளின் வேலையைச் செய்திருக்காது.

தமிழ்நாட்டுக்கு இந்த நோய்த் தொகுதியோடு நேரடி உறவு உண்டு. 1970இல் சென்னை நரம்பியலாளர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர், இளவயதினரிடம் காணும் தனிப்பட்ட ஓர் இயக்க நரம்பணு நோயை விவரித்தார்கள். உலக மருத்துவ நூல்களில் அதன் பெயர் மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய். பெரும்பாலும் 30 வயதுக்குள் தொடங்குகிறது. கை கால் மெலிகிறது. முகமும் நாக்கும் தொண்டையும் தளர்கின்றன. கூடவே காது கேளாமல் போகிறது. ஏ.எல்.எஸ். போல விரைந்து முற்றாமல் பல பத்தாண்டுகள் நகர்கிறது. பதிவான நோயாளிகளில் பெரும்பாலோர் தென்னிந்தியர்கள். ஊரின் பெயரையே தாங்கிய நோயை அந்த ஊரில் மருத்துவம் படித்தவர்களுக்கு வெளியே கேள்விப்பட்டவர்கள் சிலரே. காது கேளாமையும் கை மெலிவும் வேறு வேறு மருத்துவர்களிடம் போவதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கண் வாய்ப்பதில்லை.

இந்திய நோயாளிகளைப் பற்றிய பெரிய ஆய்வு பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனத்திலிருந்து 2008இல் வந்தது. 30 ஆண்டுகளில் பார்த்த 1,153 பேரின் விவரம் அது. நோய் தொடங்கிய சராசரி வயது 46. மேலை நாடுகளைவிடப் பத்தாண்டுக்கு மேல் முந்தியது. அதாவது பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக் கடனும் பாக்கியிருக்கிற வயது. இதே நிறுவனத்தின் கௌரி தேவி விவரித்த இன்னொரு நோயும் இங்கே முக்கியம்: இளைஞர்களுக்கு ஒரு கையோ ஒரு காலோ மட்டும் மெலிந்து சில ஆண்டுகளில் அப்படியே நின்றுவிடும் வகை. ஜப்பானின் ஹிராயாமா நோயும் இதன் உறவு. மெலிந்த கையெல்லாம் ஏ.எல்.எஸ். இல்லை என்பது விழிப்புணர்வின் பாதி. இருபது வயதுப் பையனின் கையைப் பார்த்துவிட்டு, இணையத்தில் படித்ததை வைத்து, மூன்று ஆண்டுதான் என்று வீடே ஒடிந்துபோவதை இந்த அறிவு தடுக்கும். நலமாக இருப்பவர்களிடமும் இதே சிக்கல் உண்டு. கண்ணிமையோ கெண்டைக்காலோ துடிப்பது யாருக்கும் வரும். தளர்ச்சியோ மெலிவோ கூட இல்லாத வெறும் துடிப்பு பெரும்பாலும் தீங்கற்றது. துடிப்பை மட்டும் முன்னிறுத்தும் பிரசாரம் நோயாளிகளைக் கண்டுபிடிப்பதைவிட அஞ்சுபவர்களையே அதிகம் கண்டுபிடிக்கும்.

அப்படியானால் பரவ வேண்டிய செய்திதான் என்ன? நோயைக் குணமாக்க முடியாது என்பதோடு பல பிரசாரங்கள் நின்றுவிடுகின்றன. அது பாதி உண்மை, தீங்கானதும்கூட, ஏனென்றால் செய்ய ஒன்றுமில்லை என்று கேட்ட குடும்பம் மருத்துவமனைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறது. 2006இல் பிரிட்டனின் நியூகாசிலில் நடந்த சோதனையில், முகமூடி வழியாகக் காற்றுத் தரும் பைபேப் கருவி, விழுங்கும் தசைகள் கடுமையாகத் தளராத நோயாளிகளின் ஆயுளை இடைநிலை அளவில் 205 நாள் நீட்டியது. ரிலுசோல் தந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். உறக்கமும் அன்றாட வாழ்வும் இதமாயின. மூச்சுத் தளர்ச்சி இரவில்தான் முதலில் காட்டும்: மல்லாந்து படுக்க முடியாமை, விடிகாலைத் தலைவலி, பகலெல்லாம் தூக்கம். இவற்றை முதுமை, கவலை என்று விடாமல் மருத்துவரிடம் சொன்னால்தான் கருவி உரிய காலத்தில் வரும். வயிற்றில் பொருத்தும் உணவுக் குழாயும் அப்படித்தான். மூச்சு மிகவும் தளர்ந்த பிறகு அதைப் பொருத்துவதே ஆபத்தாகிவிடும். வாயால் கொஞ்சம் சாப்பிட முடிகிறபோதே முடிவெடுக்க வேண்டும். குழாய் வைத்தால் எல்லாம் முடிந்தது என்ற ஊர் நம்பிக்கை இங்கே நேராகக் குறுக்கே நிற்கிறது.

பேச்சுக்கும் இதே விதி. குரல் இருக்கும்போதே பதிவு செய்து வைத்தால் பிறகு கணினி அதே சாயலில் பேசும். பார்வையால் எழுத்தைத் தேர்வுசெய்யும் கருவிகள் விலை உயர்ந்தவை. ஓர் அட்டையில் எழுதிய எழுத்துப் பலகை எந்த வீட்டிலும் முடியும். ஆங்கில எழுத்துப் பலகையைப் பார்த்து 247 எழுத்தையும் வரிசையாக எழுதினால் தமிழில் ஒரு சொல்லுக்கே நேரம் போய்விடும். மெய்யை முதலில் காட்டி, கண் சிமிட்டியதும் உயிரைக் காட்டினால் இரண்டு தேர்வில் ஓர் எழுத்து கிடைத்துவிடும்.

பரம்பரை பற்றிய அச்சத்துக்கும் நேரான பதில் தேவை. பத்தில் ஒருவருக்கே குடும்பத்தில் வேறு யாருக்காவது நோய் இருக்கிறது. மற்றவர்களுக்கு அது தனியாக வருகிறது. தொற்றுவதில்லை. செய்வினை, பாவம் என்று பேசி மகள் திருமணத்துக்கு மறைத்து வைக்க வேண்டிய விஷயமும் இல்லை.

சிகிச்சை இல்லாத நோயைச் சுற்றிச் சந்தை கூடுவது இயல்பு. ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்றம் தவிர வேறு எதற்கும் ஸ்டெம் செல்லை அனுமதிபெற்ற சோதனைக்கு வெளியே கொடுக்கக் கூடாது. சோதனையில் சேர்பவரிடம் பணம் வாங்கவும் கூடாது. பணம் கேட்டால் அது சோதனை அல்ல என்ற ஒரே விதியைக் குடும்பங்கள் தெரிந்துகொண்டாலே பல வீடுகளின் நகையும் நிலமும் தப்பும்.

அரசின் கண்ணிலும் இந்நோய் அரைகுறையாகவே பட்டிருக்கிறது. 2021இன் தேசிய அரிய நோய்க் கொள்கை பெரும்பாலும் குழந்தைகளிடம் காணும் பிறவி மரபணு நோய்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. நடுவயதில், பரம்பரை இல்லாமல் வரும் ஏ.எல்.எஸ். அந்தச் சட்டகத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் நாள்பட்ட நரம்பியல் பாதிப்பும் ஒன்று. தமிழ்நாட்டில் அந்த வகையினருக்கு மாதாந்திரப் பராமரிப்புத் தொகை உண்டு. சான்றிதழ் வாங்கும் நாளில் பதியும் ஊனச் சதவீதம் ஆறு மாதத்தில் பொருந்தாமல் போவது இந்நோய்க்கே உரிய தொல்லை. மறுமதிப்பீட்டுக்கு முகாமுக்குத் தூக்கிவர வேண்டிய நிலைக்குள் நோயாளி போயிருப்பார். மும்பையின் ஆஷா ஏக் ஹோப் ஃபவுண்டேஷன் போன்ற சில அமைப்புகள் குடும்பங்களுக்கு வழிகாட்டுகின்றன; ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அப்படி ஒன்று இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிநிவாரண ஆதரவும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டுக்கே வருகின்றன. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை தரவரும் தன்னார்வலரின் பதிவேட்டில், வலியில்லாமல் கை கால் மெலிகிறதா, பேச்சு மாறியிருக்கிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்ற மூன்று கேள்விகளைச் சேர்க்கத் தனி நிதியோ புதிய பணியிடமோ தேவைப்படாது.